லினக்ஸைப் புதுப்பிக்கும்போது ‘ஃபர்ம்வேர் விடுபட்டிருக்கலாம்’ என்று வருகிறது. மறுதொடக்கம் செய்தால் கணினி திறக்குமா?

திறக்கும். ஃபர்ம்வேர் என்பது வன்பொருளுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12-ஆம் பதிப்பில், புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை (லினக்ஸின் மையக் கருவை) நிறுவியபோது ஐ915 என்ற டிரைவர் மாட்யூலைச் சுட்டிப் பத்துப் பன்னிரண்டு வரிகள் வந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் ‘டபிள்யூ’ என்ற எழுத்தில் தொடங்குகின்றன. அது எச்சரிக்கைக்கான குறி. பிழை என்றால் ‘இ’ என்று தொடங்கும். அப்படி ஒரு வரியும் உங்களுக்கு வரவில்லை. போதாததற்குப் பழைய கெர்னலும், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அப்படியே இருக்கிறது. தயங்காமல் மறுதொடக்கம் செய்யுங்கள்.

ஆனால் அந்த வரிகள் ஏன் வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இதே எச்சரிக்கை ஒரு முறை எனக்கு உண்மையையே சொன்னது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதிய கெர்னல் வந்ததும் அதற்கென்று இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய கோப்புக் கட்டு தயாராகிறது. வட்டில் உள்ள முழு அமைப்பும் கைக்கு வருவதற்கு முன்பே தேவைப்படும் டிரைவர்களையும் ஃபர்ம்வேரையும் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதுபோல அதில் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு மாட்யூலும் தான் கேட்கக்கூடிய ஃபர்ம்வேர் கோப்புகளின் பெயர்களைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. கட்டைத் தயாரிக்கும் நிரல் அந்தப் பெயர்களை ஃபர்ம்வேர் அடைவில் தேடுகிறது. கிடைக்காத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி எழுதுகிறது. உங்கள் கணினியில் எந்தச் சில்லு இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

ஐ915 என்பது இன்டெல் வரைகலைச் சில்லுகளின் பல தலைமுறைகளுக்கும் பொதுவான ஒரே மாட்யூல். உங்கள் மடிக்கணினியில் இருப்பது ஐ5-8250யூ, அதாவது கேபி லேக் குடும்பம். நீங்கள் ஒட்டியிருக்கும் வரிகளில் உள்ள பெயர்கள் ‘எம்டிஎல்’, ‘டிஜி2’ என்று தொடங்குகின்றன. முன்னது 2023 டிசம்பரில் வெளிவந்த மீட்டியர் லேக், பின்னது தனியாக விற்கப்படும் ஆர்க் அட்டை. இரண்டும் உங்களிடம் இல்லை. உங்களுக்கு வேண்டியவை ‘கேபிஎல்’ என்று தொடங்கும் கோப்புகள். அவற்றின் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை என்றால் அவை கிடைத்துவிட்டன என்றுதான் பொருள்.

இப்போது என் கதை. 2023-இல் டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறினேன். கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்ப்பது என்று டெபியன் உருவாக்குநர்கள் 2022 அக்டோபரில் வாக்களித்து முடிவு செய்திருந்தார்கள். அதையொட்டி 12-ஆம் பதிப்பில் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பிரிவு உண்டானது. தொகுப்புகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலப் பட்டியல் கோப்பில் பதிப்பின் பெயரை மட்டும் மாற்றிய நான், இந்தப் பிரிவைச் சேர்க்கவில்லை. கெர்னல் புதிதாகிவிட்டது, ஃபர்ம்வேர் தொகுப்புகள் 11-ஆம் பதிப்போடு நின்றுவிட்டன. அப்போதும் இதே எச்சரிக்கைகள் வந்தன. எங்கும் ‘கண்டுகொள்ளாதீர்கள்’ என்றே படித்திருந்ததால் நானும் கண்டுகொள்ளவில்லை. சில மாதம் கழித்துப் புதிய வைஃபை அட்டை ஒன்றைப் பொருத்தினேன். இரண்டு இரவுகள் அட்டையைக் கழற்றி மாட்டியும் ஒரு வலைப்பின்னல்கூடத் தெரியவில்லை. கெர்னல் பதிவைப் பார்த்தபோது, பொருத்தமான ஃபர்ம்வேர் எதுவும் கிடைக்கவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. மூலப் பட்டியலில் அந்த ஒரு பிரிவைச் சேர்த்துப் புதுப்பித்ததும் அட்டை வேலை செய்தது.

ஆகவே எச்சரிக்கை வந்தால் முதலில் மூலப் பட்டியலில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மறுதொடக்கத்துக்குப் பிறகு கெர்னல் பதிவைப் படியுங்கள். டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு கொடுத்து, ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் வடிகட்டினால் போதும். உங்கள் கணினியில் டிஎம்சி ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று ஒரு வரி தெரிய வேண்டும். திரைப் பகுதியின் மின்சாரச் சிக்கனத்தைக் கவனிப்பது அதுதான். அது கிடைக்காவிட்டாலும் திரை வரும், மின்கலம்தான் சீக்கிரம் தீரும்.

பதிவில் ‘பிழை -2’ என்று கண்டால் கோப்பு இல்லை என்று பொருள். அதைப் பார்த்ததும் பதற வேண்டாம். இன்டெல் வைஃபை டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய பதிப்பை முதலில் கேட்கும், இல்லையென்றால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் பழையதைத் தேடும். நான்கைந்து ‘-2’ வரிகளுக்குப் பிறகு ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று வந்தால் எல்லாம் சரி. கடைசி வரியே முக்கியம்.

ஆர்ச் லினக்ஸிலும் இதைப் பார்க்கலாம். அங்கே ஃபால்பேக் என்ற மாற்று இனிட்ராம்எஃப்எஸ் கட்டு தயாராகும்போது கணினியில் இல்லாத வன்பொருளுக்கான மாட்யூல்களும் சேர்க்கப்படுவதால், பழைய சர்வர் வட்டு அட்டைகளின் பெயரெல்லாம் வரும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். விடுபட்ட பெயர்களில் வெற்றுக் கோப்புகளை உருவாக்கி எச்சரிக்கையை அடக்கலாம் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். வெற்றுக் கோப்பு எந்தச் சில்லையும் இயக்காது. நாளை உண்மையாகவே அந்தக் கோப்பு தேவைப்படும்போது, அது இல்லை என்று சொல்ல வேண்டிய வரியும் வராது. எங்கோ கிடைத்த கோப்பைப் பதிவிறக்கிப் போடுவது இன்னும் மோசம், ஏனென்றால் அது உங்கள் வன்பொருளுக்குள்ளேயே ஓடப்போகும் நிரல். டெபியன் 12-இல் ஐ915-க்கு வேண்டியவை ‘ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. அதன் புதிய பதிப்பு பேக்போர்ட்ஸில் இருந்தால் கெர்னலை எடுத்த இடத்திலிருந்தே அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான வரிகள் மறைந்துவிடும். மறையாமல் நிற்பவற்றில் ‘கேபிஎல்’ இருந்தால் மட்டும் அந்த வரியை அப்படியே கருத்துப் பகுதியில் இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.