மின்னணு மருத்துவப் பதிவுகளை எழுதக் குரல் தட்டச்சு மென்பொருளை நம்பலாமா?

கேள்வி கேட்டவர் சிறிய ஊரில் தனியாக கிளினிக் நடத்தும் மருத்துவர். கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்றியதிலிருந்து நோயாளியைப் பார்க்கும் நேரத்தைவிடத் தட்டச்சுக்கு அதிக நேரம் போகிறதாம். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

வாங்கலாம், டாக்டர். ஆனால் எதை அதனிடம் சொல்வது, எதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.

நான் மருத்துவன் அல்ல. சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து வைத்ததை அவர்கள் தூங்கும் நேரத்தில் இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்து அனுப்புவோம். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் ஒலி ஓடும், காலை எடுத்தால் நிற்கும். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி, வரிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு குரலறி மென்பொருள் வந்தது. அது எழுதிய வரைவைக் கேட்டுத் திருத்துவது மட்டுமே எங்கள் வேலை என்றானது. கூலியும் அதற்கேற்ப இறங்கியது. ஆகவே எனக்கு அதன்மேல் கொஞ்சம் பழைய கோபம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்த வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லித் தருவது ஒன்றுதான்: காதில் விழாததை எழுதாதே. புரியாத இடத்தில் கோடு போடு, ஒலிப்பதிவில் எந்த நிமிடம் என்று குறி, மேலே அனுப்பு. சீனியர் கேட்டுப் பார்ப்பார். அவருக்கும் பிடிபடவில்லை என்றால் கோடு கோடாகவே டாக்டருக்குப் போகும், அவர் நிரப்பிக் கையெழுத்திடுவார். மென்பொருளுக்கு இந்தக் கோடு போடும் பழக்கம் கிடையாது. காதில் விழுந்த ஒலிக்கும் முன்பின் சொற்களுக்கும் எது பொருந்தும் என்று கணக்குப் போட்டு, வாய்ப்பு அதிகமுள்ள சொல்லை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எழுத்துப் பிழை இருக்காது, வாக்கியமும் ஒழுங்காக நிற்கும். தப்பு கண்ணில் படாமல் போவதற்கு அதுவே காரணம்.

ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் 2018இல் வந்த ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. அமெரிக்காவில் மருத்துவர்கள் சொல்லி எழுதிய 217 ஆவணங்களை எடுத்துப் பார்த்தார்கள். மென்பொருள் எழுதியபடியே இருந்த வரைவில் 100 சொற்களுக்கு 7.4 பிழைகள். டிரான்ஸ்கிரிப்ஷன் ஆள் திருத்திய பிறகு 0.4. மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு 0.3. நடுவில் இருந்த ஆள் எவ்வளவு வேலை செய்திருக்கிறார், கடைசியில் கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு செய்திருக்கிறார் என்பதை நீங்களே பாருங்கள். அதன்பிறகு மென்பொருள் நிறையத் தேறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கிளினிக்கில் அந்த நடு ஆள் இருக்கப்போவதில்லை. சொல்பவரும் நீங்கள், திருத்துபவரும் நீங்கள்.

எங்கே சறுக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். முதலாவது, 'நோ' என்ற ஓரசைச் சொல். 'நோ செஸ்ட் பெயின்' என்று வேகமாகச் சொன்னால் 'நோ' விழுங்கப்பட்டு, நெஞ்சுவலி இல்லாதவருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். அமெரிக்க டாக்டர்கள் 'டினைஸ் செஸ்ட் பெயின்' என்பார்கள். கேட்க என்னவோ நோயாளி போலீஸ் விசாரணையில் மறுப்பது போல இருக்கும். ஆனால் நீளமான சொல் அவ்வளவு எளிதில் காணாமல் போகாது. ஹைப்போ (குறைவு), ஹைப்பர் (அதிகம்) அடுத்த வம்பு. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி அதற்கும் மேல். பழகியவர்கள் 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். கை உடலைவிட்டு விலகுவதும் உடலை நோக்கி வருவதும் ஆங்கிலத்தில் (அப்டக்‌ஷன், அடக்‌ஷன்) ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால், எலும்பு டாக்டர்கள் 'ஏ பி டக்‌ஷன்', 'ஏ டி டக்‌ஷன்' என்று எழுத்துக்கூட்டிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மருந்தில் ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் ஜோடி பேர்போனது. ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, மற்றது அரிப்புக்கு.

அதனால் என் முதல் யோசனை, மருந்துச்சீட்டைக் குரலில் எழுதவே வேண்டாம் என்பதுதான். மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் மென்பொருளில் உள்ள பட்டியலிலிருந்து கையால் தேர்ந்தெடுங்கள். அலர்ஜியையும், பிரஷர், சுகர், எடை ஆகியவற்றின் எண்ணையும் அதற்கான கட்டத்திலேயே இடுங்கள். கட்டத்தில் இருக்கும் எண்ணைத்தான் மின்னணுப் பதிவு பிறகு வரைபடமாகக் காட்டும், ஒவ்வாத மருந்தைத் தேர்ந்தெடுத்தால் எச்சரிக்கும். அதையே பேச்சாகப் பத்திக்குள் போட்டால் படிக்க மட்டும்தான் உதவும். குரலை வைத்துக்கொள்ள வேண்டிய இடம், கதை சொல்ல வேண்டிய இடம்: எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, ஏன் இந்த நோய் என்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள். தட்டச்சில் அலுப்புப்பட்டு நீங்கள் இரண்டு சொல்லில் முடித்துவிடும் பகுதியும் அதுதான். அங்கே குரல் உண்மையிலேயே பதிவைச் செழுமையாக்கும். இதில் மென்பொருளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இன்னொரு வசதியும் விற்பனையாளர் காட்டுவார். 'நார்மல் எக்ஸாம்' என்று சொன்னால் தலை முதல் கால் வரை பரிசோதித்ததாக ஒரு பத்தி தானே வந்து விழும். பார்க்கும்போது ஆசையாக இருக்கும். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்ட சர்க்கரை நோயாளியின் பதிவில் 'இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு இயல்பாக உள்ளது' என்று பார்த்தவன் நான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டளைச் சொல் செய்த வேலை அது. வைத்துக்கொள்வதானால் உறுப்பு வாரியாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், தொட்டுப் பார்த்ததை மட்டும் அழையுங்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லை சில உண்டு. இந்த மென்பொருள்களில் பல அமெரிக்க மருத்துவமனைகளை மனத்தில் வைத்து வளர்ந்தவை. டிராகன் என்ற குரல் தட்டச்சு மென்பொருள் 1997லேயே தொடர்ச்சியான பேச்சை எழுத ஆரம்பித்தது. அதற்கு முந்தைய பதிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. அதை வைத்திருந்த நுவான்ஸ் நிறுவனம் 2022இல் மைக்ரோசாஃப்ட் வசமானது. நாம் பாராசிட்டமால் என்பதை அங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள், சால்புட்டமாலை அல்புட்ரால் என்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் பிராண்டுப் பெயர்கள் அதற்குப் புதிதாக இருக்கலாம். நீங்கள் அடிக்கடி சொல்லும் பெயர்கள், சுற்றுவட்டார ஊர்கள், நோயாளியை அனுப்பும் மருத்துவமனைகள் எல்லாவற்றையும் மென்பொருளின் சொல்தொகுப்பில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். உச்சரிப்பை மாற்றிக்கொண்டு அமெரிக்கர் போலப் பேச வேண்டியதில்லை. அப்படிப் பேச முயன்றால் மென்பொருள் இன்னும் குழம்பும். உங்கள் இயல்பான ஆங்கிலத்தில், வாக்கியம் வாக்கியமாகச் சொல்லுங்கள். முழு வாக்கியம் கிடைத்தால்தான் அதன் கணக்கு ஒழுங்காக வேலை செய்யும்.

மைக்கில் கஞ்சத்தனம் கூடாது. மடிக்கணினியிலேயே இருக்கும் மைக் மின்விசிறிச் சத்தத்தையும் வெளியே பஸ் ஹாரனையும் சேர்த்துக் கேட்கும். ஹெட்செட் என்றால் மைக் வாய்க்கு நேராக இல்லாமல் உதட்டோரமாக இருக்கட்டும், மூச்சுக்காற்று அதில் மோதாது. கையில் பிடித்து, பொத்தானை அழுத்தியிருக்கும்போது மட்டும் கேட்கும் மைக் இன்னும் நல்லது. நடுவில் நர்ஸ் எட்டிப் பார்த்து 'சார், அடுத்த டோக்கனை அனுப்பட்டுமா?' என்று கேட்பது கேஸ் ஷீட்டில் ஏறாது. பேசத் தொடங்கும் முன் திரையில் யாருடைய பதிவு திறந்திருக்கிறது, கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்திருக்கும் நாளில் நான் சொல்வதன் அருமை புரியும்.

இப்போது டாக்டரும் நோயாளியும் பேசுவதை அப்படியே கேட்டுத் தானே குறிப்பு எழுதும் வகையும் வந்திருக்கிறது. நோயாளி தமிழில் சொல்ல, குறிப்பு ஆங்கிலத்தில் விழ வேண்டிய நம் நிலைமையில் நான் அவசரப்பட மாட்டேன். விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் பேசாத சொற்றொடர்களோ முழு வாக்கியங்களோ எழுதப்பட்டிருந்தன. பேச்சில் நீண்ட மௌனம் இருந்தால் அது இன்னும் அதிகமாக நடந்தது. மூச்சுவாங்கி நிறுத்தி நிறுத்திப் பேசும் முதியவர்கள் உங்களிடம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒலி எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். பெரும்பாலானவை இணையத்தின் வழியே வேறொரு சர்வருக்கு அனுப்பித்தான் எழுதுகின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவை வைத்துக்கொள்கிறார்களா, அதைக் கொண்டு தங்கள் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசி விசைப்பலகையில் இலவசமாக வரும் குரல் தட்டச்சில் நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள்.

செயல்விளக்கத்தை விற்பனையாளரின் குளிரூட்டிய அறையில் பார்க்காமல், உங்கள் கிளினிக்கில், மின்விசிறி ஓட, கூட்டம் இருக்கும் மாலை நேரத்தில் நடத்தச் சொல்லுங்கள். அவர் பேசிக் காட்டக்கூடாது, நீங்கள் பேச வேண்டும். பழைய கேஸ் ஷீட்டுகள் சிலவற்றைப் பெயரை நீக்கிவிட்டு வாசியுங்கள், அச்செடுத்து மறுநாள் காலையில் சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். அன்றைக்கே படித்தால், திரையில் இருப்பதை விட்டுவிட்டு, நீங்கள் சொன்னதாக நினைப்பதைத்தான் கண் படிக்கும்.