அழுகைக்குக் காரணம் சொல்லுமா செயலி? குழந்தை மருத்துவரின் பதில்கள்

சேலம் வாசகி: மகனுக்கு ஐந்து வாரம். அழுகையைப் பதிவுசெய்தால் பசியா, தூக்கமா என்று சொல்லும் செயலியை நம்பலாமா டாக்டர்?

பதில்: நம்பாதீர்கள். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 24 குழந்தைகளின் வீடுகளில் பதிவான 39,201 அழுகைகளை அலசி, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். அழுவது எந்தக் குழந்தை என்பதைக் குரல் காட்டிக்கொடுத்தது. பசியா, தனிமையா, அசௌகரியமா என்பது கணினிக்கும் பிடிபடவில்லை, கேட்டவர்களுக்கும் பிடிபடவில்லை.

கோவை வாசகர்: தொண்ணூறு சதவீதம் சரியாகச் சொல்லும் என்று விளம்பரம் செய்கிறார்களே?

பதில்: எதை வைத்துச் சரி என்கிறார்கள்? பெரும்பாலும் பெற்றோர் ‘பசி’ என்று குறித்துக் கொடுத்ததைத்தான் செயலி பாடமாகப் படிக்கிறது. பால் கொடுத்ததும் அடங்கினால் பசி என்று எழுதிவிடுகிறோம். அடக்கியது சப்பும் சுகமாக இருக்கலாம், தாயின் உடற்சூடாகவும் இருக்கலாம். உங்கள் ஊகமே உங்களிடம் திரும்பி வருகிறது.

தஞ்சாவூர்ப் பாட்டி: நான்கு பிள்ளைகளை வளர்த்தவள் நான். அழுகையைக் கேட்டே சொல்வேன். அதுவும் பொய்யா?

பதில்: வலியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி அம்மா. 2022-இல் வந்த ஓர் ஆய்வில், தடுப்பூசி போட்டபோதும் குளிப்பாட்டியபோதும் எழுந்த அழுகைகளைக் கேட்கவைத்தார்கள். அனுபவமில்லாதவர்கள் குருட்டாம்போக்கில் சொன்னார்கள். சிறு குழந்தையை வளர்த்துவரும் பெற்றோரோ முன்பின் கேட்டிராத குழந்தையின் வலியைக்கூட அடையாளம் கண்டார்கள். பசி விஷயம் வேறு. கடைசியாகப் பால் குடித்த நேரம் உங்களுக்குத் தெரியும். கையை வாய்க்குக் கொண்டுபோவதையும் மார்பைத் தேடித் தலை திருப்புவதையும் கண் பார்த்துவிடுகிறது. காதுக்கு மட்டும் பெருமை சேர்க்காதீர்கள்.

கோவை வாசகர்: அப்படியானால் வலியைச் செயலியும் கற்றுக்கொள்ளலாமே?

பதில்: கற்கலாம். லாஸ் ஏஞ்சலிஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகம் உருவாக்கிய சாட்டர்பேபி அந்த முயற்சிதான். காது கேளாத பெற்றோரை மனத்தில் வைத்துத் தொடங்கியது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் வலி எங்கே என்று நீங்கள்தான் தேட வேண்டும். உடுப்பைக் கழற்றுங்கள். கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். சில சமயம், பிரசவத்துக்குப் பின் தாய்க்குக் கொட்டும் முடி ஒன்று விரலைச் சுற்றி இறுகியிருக்கும். நுனி வீங்கிச் சிவந்திருக்கும், முடி சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. அப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெல்லை வாசகர்: வேறொரு செயலி இருக்கிறது, அது எப்படி?

பதில்: சேலத்துக்குச் சொன்னதேதான்.

திருச்சி வாசகி: ஆறு வாரக் குழந்தை. மாலையானால் இரண்டு மணி நேரம் அழுகிறாள். கருவி வாங்கவா?

பதில்: வேண்டாம். விரல்களைப் பார்த்தீர்களா? நன்றாகப் பால் குடித்து எடை ஏறினால் பயமில்லை. ஆறாவது வாரத்தை ஒட்டி அழுகை உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணியும். பொறுமை போய்விட்டால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். குலுக்கவே குலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசியும்.

சென்னை வாசகர்: செயலி ‘வாயு’ என்கிறது. வசம்பு உரைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

நாமக்கல் வாசகர்: மதுரையில் இந்தச் செயலி கிடைக்குமா?

பதில்: மேலே உள்ள பதில்களைப் படியுங்கள் தம்பி.

ஈரோடு வாசகி: இரண்டு மாதக் குழந்தை, 101 டிகிரி காய்ச்சல். செயலி ‘தூக்கம்’ என்கிறது.

பதில்: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம். செயலியை மூடிவிட்டு இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றவர்களுக்குப் பிறகு பதில் எழுதுகிறேன்.