எஞ்சினைச் சுற்றி எழும் குழாய்ச் சட்டகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, கப்பலூரில் இரும்புக் கேட்டும் ஷெட்டும் செய்து தரும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய 1197 சி.சி. பெட்ரோல் ஸ்விஃப்ட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் எஞ்சினைக் கொண்டு, குழாய்ச் சட்டகத்தில் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கட்டி, விருதுநகர் நான்குவழிச் சாலையில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய முடியுமா? — திருமங்கலம் வாசகர்

பதில்: தனி ஒருவர் தம் பட்டறையில் கட்டும் ஒற்றை வண்டியைப் பொதுச்சாலைக்குப் பதிவு செய்வது நம் நாட்டில் நடைமுறையில் இயலாத காரியம். குழாய் வாங்க ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய சட்டகத்தை அதன் பெயரில் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டிருந்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையை வகுத்தது. முற்றிலும் புதிய வண்டியாகவே பதிவு செய்ய விரும்பினால், 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் முன்மாதிரி வண்டி தேர்ச்சி பெற வேண்டும். அந்தச் செலவு ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் நிறுவனங்கள் தாங்கக்கூடியது.

அதற்காக ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. பந்தயத் தடத்துக்கான வண்டியாக அதைக் கட்டுங்கள். லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் சென்று தடத்தில் ஓட்டுங்கள். கோவை செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த கரிவர்தன், நீங்கள் செய்ய நினைக்கும் காரியத்தை 1980களிலேயே செய்தவர். மாருதியின் எஞ்சினை எடுத்துத் தாமே வடிவமைத்த ஒற்றை இருக்கைச் சட்டகத்தில் பொருத்தி, நடுத்தர வசதியுள்ள இளைஞர்களும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலையை உருவாக்கினார். எளிதில் கிடைக்கும் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, உழைப்பையெல்லாம் சட்டகத்தின் மேல் செலுத்துவது என்ற அவர் வழியே இன்றும் சரியான வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று: அந்த ஸ்விஃப்டை வாங்கிப் பிரித்துவிட்டால், சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி அதைப் பதிவு அலுவலகத்துக்கு 14 நாட்களுக்குள் தெரிவித்து, பதிவுச் சான்றையும் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: எஞ்சினை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? ஸ்கார்பியோ டீசல் எஞ்சின் ஒன்றும் மலிவாகக் கிடைக்கிறது. இழுவை அதிகம் என்பதால் அதையே போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். — அதே வாசகர்

பதில்: டீசல் எஞ்சின் வேண்டாம். இரண்டு டன்னை நெருங்கும் வண்டியை இழுப்பதற்காகச் செய்யப்பட்ட அந்த எஞ்சின், தன் கியர்பாக்ஸோடு சேர்ந்து உங்கள் சிறிய வண்டியின் எடையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதைத் தாங்கச் சட்டகம் தடிக்க வேண்டும், சட்டகத்தின் எடைக்கேற்ப பிரேக் பெரிதாக வேண்டும், இப்படியே எடை ஏறிக்கொண்டு போகும். ஸ்விஃப்டின் எஞ்சின் 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் தருவது; ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைந்த காரை அது இழுக்கும் விதம் எல்லோரும் அறிந்ததே. அதே எஞ்சின் 650 கிலோ வண்டியில் இருந்தால் எப்படிப் பாயும் என்று எண்ணிப் பாருங்கள்.

வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, உங்களிடம் உள்ள எஞ்சினே விடையைச் சொல்லிவிடுகிறது. ஸ்விஃப்டில் எஞ்சினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் குறுக்குவாட்டில் ஒரே தொகுதியாக இருக்கின்றன. அந்தத் தொகுதியை அப்படியே, திசை மாற்றாமல், திருப்பாமல், இருக்கைகளுக்குப் பின்னால் நகர்த்தி வையுங்கள். முன்சக்கரங்களை இழுத்த அதே ஆக்சில்கள் இப்போது பின்சக்கரங்களைத் தள்ளும். ஃபியட் எக்ஸ்1/9 காரும் டொயோட்டாவின் முதல் எம்.ஆர்.2 காரும் இந்த முறையில் பிறந்தவையே. ஸ்விஃப்டின் முன்பக்க நக்கிள் (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் பாகம்), ஹப், ஆக்சில் ஆகிய அனைத்தையும் கழற்றாமல் சேர்த்தே எடுத்து, சக்கரங்களுக்கிடையிலான அகலத்தையும் டிஃபரன்ஷியலின் உயரத்தையும் மூல வண்டியில் இருந்தபடியே காத்தால், புதிய ஆக்சில் கடையும் செலவும், ஜாயின்ட் அளவுக்கு மீறி மடங்கித் தேயும் தொல்லையும் மிச்சம். கியர் மாற்றும் கேபிள்களை மட்டும் புதிய நீளத்துக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த முறையில் உயிருக்கு ஆபத்தான ஒரு தவறு நேரக்கூடும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முன்பக்க நக்கிளில் ஸ்டீயரிங் கோலுக்கான கை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஸ்டீயரிங் இல்லை என்பதால், அந்தக் கையை நீளம் சரிசெய்யக்கூடிய கோல் ஒன்றால் சட்டகத்தோடு பிணைக்க வேண்டும். கோலின் உட்புற முனையைக் கைக்கு எட்டிய குழாயில் வைத்து வெல்ட் செய்துவிட்டால், சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் தானாகவே உள்ளும் புறமும் திரும்பும்; வேகமான வளைவில் வண்டியின் வால் வெளியே போய்விடும். கோல், நக்கிளின் அடிப்பகுதியைச் சட்டகத்தோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கீழ்க்கைக்கு இணையாகவும் அதே நீளத்திலும் அமைய, அதன் உட்புற முனை கீழ்க்கையின் அச்சிலேயே இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் மேலும் கீழும் நகர்த்தி, டயரின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நகரும் அளவை நூல் கட்டி அளந்து பார்த்த பிறகே அந்த இடத்தை இறுதி செய்யுங்கள்.

முன்னால் எஞ்சின் வைத்த பழைய பாணி வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாருதி ஈகோவில் எஞ்சின் நீளவாட்டில் இருக்கிறது, பின்சக்கரங்களே ஓடுகின்றன. அதன் எஞ்சின், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், பின் ஆக்சில் ஆகியவை அந்த அமைப்புக்குப் பொருந்தும்.

ஆக, வேலையின் வரிசை இதுதான்: சமதளமான இரும்பு மேசையில் முதலில் எஞ்சின் தொகுதியையும் நான்கு சக்கரங்களையும் உரிய உயரத்தில் நிறுத்துங்கள், இருக்கையை வைத்து, உயரமான ஆள் ஒருவரை ஹெல்மெட்டோடு உட்காரச் செய்யுங்கள், பெடலையும் ஸ்டீயரிங்கையும் அவர் காலுக்கும் கைக்கும் ஏற்ப அமையுங்கள். முதல் குழாயை அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். சட்டகத்தை அழகாகக் கட்டிவிட்டு எஞ்சினை அதற்குள் நுழைக்கப் பார்ப்பவர்கள், எண்ணெய்ச் சட்டியும் எக்ஸாஸ்டும் இடிக்கும் இடத்திலெல்லாம் குறுக்குக் குழாய்களை அறுத்தெறிய நேரிடும். அறுபடும் ஒவ்வொரு குழாயும் சட்டகத்தின் வலிமையில் ஒரு பங்கு.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைகளில் தண்ணீர்க் குழாய்க்கான ஜி.ஐ. பைப் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் சட்டகம் கட்டலாமா? — மேலூர் வாசகர்

பதில்: கட்டக் கூடாது. ஜி.ஐ. பைப்பின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. இரும்பு உருகுவதோ 1538 டிகிரியில். ஆகவே வெல்ட் குளத்துக்குள், அதாவது வெல்ட் செய்யும் இடத்தில் உருகி நிற்கும் உலோகத்துக்குள், துத்தநாக ஆவி புகுந்து நுண்துளைகளை விட்டுச் செல்லும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். மேலும், தண்ணீர்க் குழாயின் அளவு உள்வழியைக் குறிப்பது. ஒரு அங்குலம் என்று விற்கப்படும் பைப்பின் வெளிவிட்டம் ஏறத்தாழ 33.7 மி.மீ. இருக்கும். எந்திர வேலைக்கான டியூப்பை வெளிவிட்டத்தால்தான் குறிப்பிடுவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண உறுப்புகளுக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. தடிப்பும் உள்ள மைல்ட் ஸ்டீல் ஈ.ஆர்.டபிள்யூ. டியூப் (தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் மின்சாரத்தால் வெல்ட் செய்தது) போதும். ஆனால் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சர்வதேச மோட்டார் பந்தய விதிகள் அதற்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள, குளிர்நிலையில் இழுத்த தையலற்ற டியூப்பைக் கேட்கின்றன. அதை மணல் நிரப்பிச் சூடாக்கி வளைக்காமல், அச்சுள்ள பெண்டிங் மெஷினில் கொடுத்து வளைத்து வாங்குங்கள். உட்பக்கம் சுருங்கி மடிந்த வளையத்தை ஏற்காதீர்கள். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் முனையை மற்றதன் உருளை வடிவத்துக்கேற்ப இடைவெளியின்றிக் குடைந்து வெட்டுவதும் அவசியம். இடைவெளியை வெல்ட் கம்பியால் நிரப்பி மூடும் வழக்கம் கேட் வேலைக்குச் சரிப்படலாம், உயிரைச் சுமக்கும் சட்டகத்துக்குச் சரிப்படாது. முழுச் சட்டகத்தையும் டேக் (ஆங்காங்கே சிறு புள்ளி வெல்ட்) வைத்து அளவு சரிபார்த்த பிறகே, இடமும் வலமும் மாறி மாறி முழு வெல்டிங் செய்யுங்கள். ஒரே பக்கமாகச் செய்துகொண்டு போனால் சட்டகம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படிக்கிறேன். சட்டகம் போதுமான விறைப்போடு இருக்கிறதா என்பதைக் கணினி மென்பொருள் இல்லாமல் அறிய வழி உண்டா? — திருப்பரங்குன்றம் மாணவர்

பதில்: உண்டு, தம்பி. மென்பொருளில் கணக்கிட்டவர்களும் கடைசியில் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பதே முறை. பின் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களை இரும்பு மேசையோடு அசையாமல் பிணைத்துவிடுங்கள். முன்பக்கத்தை நடுவில் ஒரே ஒரு முனையின் மேல் தாங்கவிட்டு, குறுக்கே ஒரு வலுவான உத்தரத்தைக் கட்டி, நடுவிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் 100 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். அது 981 நியூட்டன் மீட்டர் முறுக்கு. உத்தரத்தில் ஒரு மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசம் 8.7 மி.மீ. வந்தால், சட்டகம் அரை டிகிரி முறுக்கிக்கொண்டது என்று பொருள். விறைப்பு டிகிரிக்கு ஏறத்தாழ 1960 நியூட்டன் மீட்டர். 650 கிலோ எடையுள்ள எளிய வண்டிக்கு அந்த அளவு தொடக்கத்துக்குப் போதும் என்பது என் கருத்து. 3000 எட்டினால் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் மாற்றுவதன் பலன் தெளிவாகத் தெரியும்.

மொத்த அளவை மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிட வேண்டாம். சட்டகத்தின் நீளம் நெடுகப் பல இடங்களில் அளவெடுங்கள். எந்தக் கட்டத்தில் முறுக்கு திடீரென்று கூடுகிறதோ, அங்கே மூலைவிட்டக் குழாய் இல்லை, அல்லது இருக்கும் குழாய் கணுவில் சென்று சேராமல் நடுவில் முட்டி நிற்கிறது. நான்கு பக்கக் கட்டம் மூலைகளின் வெல்டை மட்டுமே நம்பி நிற்பது. மூலைவிட்டம் போட்டு முக்கோணமாக்கினால்தான் குழாய்கள் வளையாமல் நீளவாட்டில் இழுபட்டும் அமுங்கியும் பாரத்தைத் தாங்கும். அமுங்கும் குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் அது நெளியாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும் என்ற ஆய்லரின் வாய்ப்பாட்டைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் முழுப் பயனும் இங்கேதான் தெரியும்.

ஆள் ஏறி இறங்கும் இடம்தான் எப்போதும் பலவீனமானது, ஏனெனில் அங்கே மூலைவிட்டம் போட முடியாது. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் குழாய்ச் சட்டகம் ஏறத்தாழ 50 கிலோதான். பக்கவாட்டுக் குழாய்க் கூட்டை உயரமாக வைத்ததால் சாதாரணக் கதவுக்கு இடமின்றிப் போய், கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும் கதவை அமைத்தார்கள். உலகமே அதை அழகென்று கொண்டாடியது. காரணமோ சட்டகத்தின் விறைப்பு.

கேள்வி: மூல வண்டியின் பிரேக்கை அப்படியே போட்டால் என்ன? மதுரை வெயிலில் பின்னால் இருக்கும் எஞ்சின் சூடேறாதா? — உசிலம்பட்டி வாசகர்

பதில்: பிரேக் பாகங்களைப் பயன்படுத்தலாம், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தம் பகிரும் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 650 கிலோ எடை, 2.3 மீட்டர் வீல்பேஸ் (முன்சக்கர, பின்சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்), 0.45 மீட்டர் உயரத்தில் எடைமையம், நிற்கும்போது முன்னால் 40 சதவீதம் எடை என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் சுமார் 114 கிலோ பாரம் முன்னால் நகரும்; அப்போது முன்சக்கரங்கள் 374 கிலோவும் பின்சக்கரங்கள் 276 கிலோவும் தாங்கும். முன்பாரம் மிகுந்த ஸ்விஃப்டின் கணக்கு இதுவன்று. ஆகவே முன்னுக்கொன்று, பின்னுக்கொன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர்களும் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் எண்ணெய்க்குத் தருபவை), இடையில் விகிதத்தைத் திருகி மாற்றும் தண்டும் உள்ள பெடல் அமைப்பைப் பொருத்துங்கள். எந்த நிலையிலும் முன்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ள வேண்டும். பின்சக்கரங்கள் முந்தினால் வண்டி சுழன்றுவிடும். பின்னால் போய்விட்ட முன்பக்கக் காலிப்பரில் (பிரேக் வட்டைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஹேண்ட்பிரேக் வசதி இல்லை என்பதால், கேபிளால் இயங்கும் சிறிய காலிப்பர் ஒன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சூட்டைப் பொறுத்தவரை, ரேடியேட்டரை வண்டியின் மூக்கில் வைத்து, போகவும் வரவும் இரண்டு உலோகக் குழாய்களை இருக்கைக்கு வெளிப்புறமாகப் பக்கக் கூட்டின் வழியே கொண்டுசெல்லுங்கள். இவ்வளவு நீண்ட குழாயில் காற்று அடைத்துக்கொள்வதே எஞ்சின் கொதிக்கப் பெரும்பாலும் காரணம். ஆகவே குழாய் மேலேறும் ஒவ்வொரு இடத்திலும் காற்று வெளியேற ஒரு திருகும், அமைப்பு முழுவதற்கும் மேலான உயரத்தில் கூலண்ட் தொட்டியும் இருக்கட்டும். மின்விசிறிக்குச் சுற்றுக்கூடு கட்டாயம்; சித்திரை வெயிலில் தடத்திலிருந்து வந்து நின்றவுடன்தான் சூடு வேகமாக ஏறும்.

திருமங்கலம் வாசகருக்கும் இது தொடர்பாக ஒன்று: ஸ்விஃப்டைப் பிரிப்பதற்கு முன் எஞ்சினை அந்த வண்டியிலேயே ஓட்டிப் பாருங்கள். வயரிங் கட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யு. என்ற மின்னணுப் பெட்டி, சாவியோடு சேர்ந்த திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர், ஆக்சிலரேட்டர் பெடல், பெட்ரோல் பம்பு ஆகியவற்றில் ஒரு கம்பியையும் அறுக்காமல் முழுமையாக எடுத்து, பட்டறைத் தரையில் விரித்து, புதிய சட்டகத்தில் எஞ்சின் அதே வயரிங்கோடு ஓடிய பிறகு, தேவையற்ற கம்பிகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள்.