ஐந்து ஃபேஸ் மோட்டாருக்கு ஸ்பேஸ் வெக்டார் மாடுலேஷன் செய்தேன், கரண்ட் அலை ஏன் இப்படிக் கோணலாக வருகிறது?

இந்த முறையில் இன்வெர்ட்டரின் ஒவ்வொரு ஸ்விட்ச் நிலையும் ஒரு வோல்டேஜ் வெக்டார்; சிலவற்றை மாற்றி மாற்றிப் போட்டு வேண்டிய வோல்டேஜை உருவாக்குகிறோம். மூன்று ஃபேஸுக்கு எழுதியதை அப்படியே நீட்டி, அடுத்தடுத்த இரண்டு பெரிய வெக்டார்களை மட்டும் எடுத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், மூன்று வாரம் போனது.

மோட்டார் ஓடியது, வேகமும் சரி. ஆனால் ஆஸிலோஸ்கோப்பில் ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் குழி விழுந்து இரண்டு திமில்கள். லோடு இல்லாமலே மோட்டார் மேல் கை வைக்க முடியாத சூடு. சென்சார் பழுது என்றார் வழிகாட்டி, மாற்றினேன். ஸ்விட்சுகளை இயக்கும் கேட் டிரைவர் அட்டையையும் மாற்றினேன். திமில் அசையவில்லை. கடைசியில் அலையை ஹார்மோனிக்குகளாக (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக) பிரித்துப் பார்த்தால், 50 ஹெர்ட்ஸுக்கு அடுத்து 150-இல் நெட்டையாக ஒரு கோடு.

நியூட்ரலை இணைக்காவிட்டால் மூன்றாவது ஹார்மோனிக் ஓடாது என்பது மூன்று ஃபேஸ் பழக்கம். ஐந்தில் அது தாராளமாக ஓடும். 32 ஸ்விட்ச் நிலைகளில் 2 பூஜ்யம்; மீதி 30-இல் பெரியது, நடுத்தரம், சிறியது தலா 10. ஐந்து ஃபேஸை இரண்டு தளங்களில் பார்க்க வேண்டும்: முதல் தளம் டார்க் தரும் அடிப்படை அலைக்கு, இரண்டாவது மூன்றாவது ஹார்மோனிக்குக்கு. முதல் தளத்தில் பெரிதாகத் தெரியும் வெக்டார் இரண்டாவது தளத்தில் சிறியதாக விழும், காணாமல் போகாது. அந்தத் தளத்தில் கரண்ட்டைத் தடுக்க ஸ்டேட்டர் மின்தடையும் லீக்கேஜ் இண்டக்டன்ஸும் (ரோட்டரைச் சேராத காந்தப் பாய்வால் வருவது) மட்டும்தான் உண்டு. அதனால் சின்ன வோல்டேஜே பெரிய கரண்ட்டைத் தள்ளிவிடும். டார்க் கிடையாது, சூடு மட்டும்.

இரண்டு பெரியவற்றோடு, அதே திசையில் உள்ள இரண்டு நடுத்தர வெக்டார்களையும் சேருங்கள். பெரியதற்கு 1.618 பங்கு நேரம், நடுத்தரத்துக்கு 1. இரண்டாவது தளத்தில் இரண்டும் எதிரெதிராக விழுந்து சராசரி பூஜ்யமாகிவிடும். விலை உண்டு: ஃபேஸ் வோல்டேஜின் உச்சம் டிசி வோல்டேஜில் 0.6155 பங்கிலிருந்து 0.5257-க்கு இறங்கும். மிச்சம் தெரியும் கொஞ்சத்துக்கு டெட் டைம் (மேல், கீழ் ஸ்விட்சுகள் இரண்டும் அணைந்திருக்கும் சிறு இடைவெளி) காரணமாக இருக்கலாம்.

'கேரியர் முறையில் (முக்கோண அலையோடு ஒப்பிட்டு ஸ்விட்ச் செய்வது) ஐந்து சைன் கொடுத்தாலே போதுமே' என்று யாராவது வருவார்கள். உண்மைதான். கம்பிச்சுருளை ஓரிடத்தில் குவித்துக் கட்டும் கான்சன்ட்ரேட்டட் வைண்டிங்கில் டார்க்குக்காக மூன்றாவது ஹார்மோனிக்கை வேண்டுமென்றே கொடுப்பதும் தெரியும். என்னுடையது பல ஸ்லாட்டுகளில் பரப்பிக் கட்டிய டிஸ்ட்ரிபியூட்டட் வைண்டிங். கேள்வியும் வெக்டார் முறை பற்றியது.

சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். அந்த 40 ஸ்லாட் ஸ்டேட்டரை ஐந்து ஃபேஸாகக் கட்டிக் கொடுத்தவர், என் வரைபடத்தில் ஒரு காயிலின் தலையும் வாலும் மாறியிருப்பதை விரல் வைத்துக் காட்டினார். அதை அப்படியே கட்டியிருந்தால் இந்தப் பதிலே கிடையாது. கட்டுரையின் நன்றிப் பகுதியில் அவர் பெயரைப் போட்டேன். 'கூலி கொடுத்தாயிற்றே' என்று அடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.