வீட்டில் தரை இருக்கிறதா?

(குழந்தை வளர்ப்பு: வாசகர் கேள்வி-பதில். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.)

என் பையனுக்கு 15 மாதம் முடிந்துவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அப்படியே பக்கவாட்டில் நாலு எட்டு வைப்பான். கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறான். எதிர் வீட்டுப் பெண் குழந்தை 11 மாதத்திலேயே வராந்தா முழுக்க ஓடுகிறது. ஈர மணலில் குழி தோண்டி இடுப்பு வரை நிற்க வைத்தால் கால் ஊன்றும் என்கிறார் மாமியார். கொழுந்தனார் வாக்கர் வாங்கி வந்துவிட்டார். நான் எதைச் செய்வது?
- ஒரு வாசகி, காசிமேடு

இரண்டையும் செய்ய வேண்டாம் கண்ணு. எதிர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் தனியாக நடப்பதற்கு அதில் உள்ள கால அளவு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. உங்கள் பையனும் எதிர் வீட்டுப் பெண்ணும் ஒரே கோட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அவன் கட்டிலைப் பிடித்து நிற்கிறான், பக்கவாட்டில் நகர்கிறான். நான் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியே அதுதான், நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் தரை இருக்கிறதா?

கிண்டல் இல்லை. நம்ம பக்கத்து வீடுகளுக்குள் நான் நிறையப் போயிருக்கிறேன். ஒரே ஹால். கட்டில், பீரோ, தையல் மெஷின், தண்ணீர் டிரம், வரிசையாகக் குடம், மூலையில் அடுப்பு. பிள்ளையைக் கீழே விட்டால் டிரம்மைப் பிடித்து எட்டிப் பார்க்கும், அடுப்புப் பக்கம் போகும். பயந்து போய் அம்மா இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறாள். அம்மா இறக்கினால் ஆயா தூக்குகிறார், ஆயா இறக்கினால் சித்தப்பா. ஒரு நாளில் அந்தப் பிள்ளையின் கால் தரையில் பட்டது எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார்த்தால் அரை மணி தேறாது. இடுப்பில் உட்கார்ந்தபடி யார்தான் நடை பழக முடியும்?

குடங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, டிரம்மை மூடி, கட்டிலை ஒட்டி ஒரு பாய் அளவு இடம் காலி செய்யுங்கள். கட்டிலுக்கு எதிரே அசையாத ஒரு முக்காலி. அதன் மேல் அவனுக்குப் பிடித்தது எதுவானாலும் சரி, டப்பா மூடியோ ரிமோட்டோ. முதலில் கை எட்டும் தூரம். இரண்டு நாள் கழித்து அரை அடி தள்ளி வையுங்கள். ஒரு கை கட்டிலில், ஒரு கை காற்றில், அப்புறம் தானாக ஒரு எட்டு. விழுவான். விழுந்ததும் ஐயோ என்று ஓடாதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அழலாமா வேண்டாமா என்று முடிவு செய்வான். வெறுங்கால்தான் நல்லது. விரல்கள் தரையைக் கவ்வ வேண்டும்.

வாக்கர் கதை வேறு. அதில் பிள்ளை நிற்பதே இல்லை, தொங்குகிறது. நுனிக்காலால் உந்தித் தள்ளுகிறது. தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடியாது. நடை சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும். அதைவிடப் பயம், படிக்கட்டும் அடுப்பும். கனடாவில் 2004-இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். கொழுந்தனார் வருத்தப்படுவார் என்றால் மாற்றி மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டி வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் பிள்ளை தன் காலில் நின்று தானே தள்ள வேண்டும். என் பேத்திக்கு வாங்கினேன், மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன்கட்டையில் இரண்டு உப்புப் பாக்கெட்டைக் கட்டிய பிறகு ஒழுங்காக வந்தது.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். மணல் நல்லதுதான், புதைப்பதுதான் தப்பு. அசைந்தால்தான் தசைக்கு வலு, புதைத்த கால் எப்படி அசையும்? சாயங்காலம் என்4 பீச்சுக்கு அவரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள், மணலில் வெறுங்காலோடு விடட்டும். 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டார்கள். இப்போது 14 மாதம். இருவரும் பிடித்து நிற்கிறார்கள், நடக்கவில்லை. ஒருத்தி தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள்.
- ஒரு வாசகர், எர்ணாவூர்

பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மாதம் முன்னால் வந்தவர்கள் என்றால் வளர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கு இப்போதுதான் 12 மாதம். இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துப் பார்ப்போம். உட்கார்ந்தே நகரும் பிள்ளைகள் பொதுவாக மற்றவர்களைவிடத் தாமதமாக நடப்பார்கள், வீட்டில் விசாரித்தால் அப்பாவோ அத்தையோ அப்படி இருந்திருப்பார். ஆனால் குறைமாதக் குழந்தைகள் என்பதால் பரிசோதனை நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்கு 20 மாதம். பிடித்து நிற்கிறாள், நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாள். நானும் இரண்டு வயதில்தான் நடந்தேனாம். காத்திருக்கலாமா?
- ஒரு ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

கூடாது தம்பி. இந்த வாரமே போங்கள். ஸ்டான்லியோ, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே.

அப்பாவும் லேட்டுதான் என்ற பேச்சால் ஒரு பெண் குழந்தையை இரண்டு வயது தாண்டி என்னிடம் கொண்டுவந்தார்கள். கொருக்குப்பேட்டைக் குடும்பம். படுக்க வைத்து முழங்காலை மடக்கினேன். ஒரு முட்டி தாழ்ந்து இருந்தது. தொடையை விரித்தால் ஒரு பக்கம் விரியவில்லை. தொடை எலும்பின் தலை பிறவியிலேயே இடுப்புக் கிண்ணத்தில் உட்காராமல் விலகியிருந்தது. பெண் குழந்தைகளுக்கும், பிரசவத்தில் கால் முன்னால் வந்த குழந்தைகளுக்கும் இது அதிகம். ஆறு மாதத்துக்குள் தெரிந்திருந்தால் ஒரு பட்டை மாட்டியே பெரும்பாலும் சரி செய்திருக்கலாம். அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன், மாவுக்கட்டு, மாதக்கணக்கில் படுக்கை. 'துணி மாத்தும்போது ஒரு கால் சரியா விரியாதுக்கா, நான்தான் சொல்லலை' என்று அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் மகளுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் இடுப்பைப் பார்ப்பார், தசை இறுக்கமா தளர்ச்சியா என்று பார்ப்பார், தேவைப்பட்டால் வைட்டமின் டி, தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார். பிறந்தபோது தந்த காகிதங்களை எடுத்துப் போங்கள். அவள் நடப்பதை முன்னும் பின்னுமாக ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் நடந்து காட்டவே மாட்டார்கள்.

நடக்க ஆரம்பித்த குழந்தைக்குக் கீச்கீச் சத்தம் வரும் ஷூ வாங்கலாமா?
- ஒரு வாசகி, பெரம்பூர்

கல்யாணத்துக்குப் போகும்போது போடுங்கள். வீட்டில் கழற்றிவிடுங்கள், கீழ் வீட்டுக்காரர்களும் தூங்க வேண்டாமா?