ஆன் ஓக்லி கட்சி மாறினாரா?

மனம்விட்டுப் பேசும் நேர்காணலுக்காக வாதாடிய பெண்ணிய சமூகவியலாளர் ஆன் ஓக்லி, பிற்பாடு எண்களின் பக்கம் போய்விட்டாரே, ஏன் என்பது கேள்வி. அவர் பக்கம் மாறவில்லை என்பதே என் பதில். அவருடைய மூன்று ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

1944இல் லண்டனில் பிறந்தவர். சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸின் மகள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, குழந்தைகள் பிறந்த பிறகு, முனைவர் பட்டத்துக்கு வீட்டுவேலையை எடுத்துக்கொண்டார். அன்றைய சமூகவியலில் வேலை என்றால் ஆலை, குடும்பம் என்றால் கணவன் மனைவி உறவு. துவைப்பதும் பெருக்குவதும் இரண்டிலும் சேரவில்லை.

1971இல் லண்டனில் 40 பெண்களைச் சந்தித்தார். உழைக்கும் வர்க்கத்தில் 20 பேர், நடுத்தர வர்க்கத்தில் 20 பேர். எல்லோருக்கும் வயது 20 முதல் 30 வரை. எல்லோர் வீட்டிலும் 5 வயதுக்குக் குறைந்த குழந்தை உண்டு. ஆலைத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகளில் கேட்கப்பட்டவற்றையே கேட்டார்: வேலை அலுப்பாக இருக்கிறதா, துண்டு துண்டாக இருக்கிறதா, வேகம் அதிகமா? அலுப்பு என்றவர்கள் 75 சதவீதம். ஒப்பிட எடுத்த ஆய்வில் அசெம்பிளி லைன் தொழிலாளரிடம்கூட அது 67 சதவீதம்தான். வாரத்துக்குச் சராசரி 77 மணி நேர வேலை. குறைந்தது 48, அதிகபட்சம் 105. வீட்டுவேலையில் கணிசமாகப் பங்கெடுத்த கணவர்கள் 15 சதவீதம்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் சமூகவியலாளர்கள் யங், வில்மாட் இருவரும் 72 சதவீத ஆண்கள் வீட்டில் உதவுகிறார்கள் என்று எழுதினார்கள். வாரம் ஒருமுறை ஏதாவது செய்தாலே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். தன் பேண்ட்டைத் தானே இஸ்திரி போட்டாலும் போதும் என்று ஓக்லி காட்டினார். கேள்வியைத் தளர்வாக அமைத்தால் இப்படித்தான் சமத்துவம் காகிதத்தில் வந்துவிடும். ஆனால் 77 மணி நேரத்தை பிரிட்டன் முழுமைக்குமான சராசரியாக மேற்கோள் காட்டுவதும் தவறு. அது ஒரே நகரத்தின் 40 இளம் தாய்மார்களைப் பற்றியது.

அடுத்தது முதல் பிரசவம் பற்றிய ஆய்வு. ஒவ்வொரு பெண்ணிடமும் பிரசவத்துக்கு முன் இருமுறை, பின் இருமுறை பேசினார். பேட்டி எடுப்பவர் கேட்க மட்டும் வேண்டும், பதில் சொல்லக் கூடாது என்பது பாடநூல் விதி. ஆனால் 178 நேர்காணல்களில் அந்தப் பெண்கள் இவரிடம் கேட்ட கேள்விகள் 878. முக்கால்வாசி தகவல் வேண்டிக் கேட்டவை. குழந்தை எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்பவளிடம் நழுவினால் அது கொடுமை. அதற்குப் பிறகு அவள் உண்மையைச் சொல்லவும் மாட்டாள். 1981இல் வந்த இவருடைய கட்டுரையின் சாரம் இதுதான். பெண்கள் எளிதில் மனம் திறப்பதே அவர்களைச் சுரண்டவும் வழியாகலாம் என்று சமூகவியலாளர் ஜேனட் ஃபிஞ்ச் 1984இல் எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை.

இந்தப் பெண்களைக் கேட்டதன் அடுத்த படிதான் மூன்றாவது ஆய்வு. எனிமா, மயிர் மழித்தல் என்று பிரசவ வார்டில் வழக்கமாகிவிட்ட பலவும் பலன் சோதிக்கப்படாமலே பெண்கள்மேல் திணிக்கப்பட்டவை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்றால் ஆதரவாகப் பேசுவதையும் சோதிக்கத்தானே வேண்டும்? முன்பு எடை குறைந்த குழந்தை பெற்ற 509 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு மருத்துவச்சிகள் வீடு தேடிப்போய்ப் பேசினார்கள், தொலைபேசியிலும் துணை நின்றார்கள். இன்னொரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆதரவு பெற்றவர்களின் குழந்தைகளுக்குச் சராசரி எடை 38 கிராம்தான் கூடியது. அது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் மருத்துவமனையில் தங்கியவர்கள் ஆதரவு பெற்ற பகுதியில் குறைவு.

சிக்கல் எங்கே வந்தது என்றால், உதவி மிகவும் தேவைப்படும் பெண் குலுக்கலில் ஆதரவு கிடைக்காத பகுதிக்குப் போனபோது மருத்துவச்சிகள் தவித்தார்கள். ஓக்லி அதை மறைக்காமல் 1989 கட்டுரையில் எழுதினார். 1990இல் லண்டனில் சமூக அறிவியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கிய பிறகு, கல்வி, சமூகநலத் திட்டங்களையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும் என்று வாதாடினார்.

படிக்கத் தொடங்குபவர்கள் 1981 கட்டுரையையும் 1989 கட்டுரையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்தவர்கள்தான் அவர் கட்சி மாறிவிட்டார் என்கிறார்கள்.