நீண்ட தூர வேட்டைக்கு ஃபேக்டரி ரைபிளா, கஸ்டம் ரைபிளா?

கேள்வி: சொந்த ஊர் காட்பாடி. இப்போது ஹெச்-1பி விசாவில் டென்வரில் வேலை. எல்க் மான் வேட்டைக்கு 500 கெஜம் வரை நம்பிச் சுட ஒரு ரைபிள் வேண்டும். 1,200 டாலருக்கு ஃபேக்டரி ரைபிள் வாங்கலாமா, 6,000 டாலர் போட்டுக் கஸ்டமாகச் செய்துகொள்ளலாமா?

பதில்: ஃபேக்டரி ரைபிளே வாங்குங்கள். கஸ்டத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். முதல் ரைபிள் வாங்குகிறவருக்கு அவை பெரும்பாலும் பொருந்தாது.

அதற்கு முன் சட்டம். ஹெச்-1பி போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதுகூட அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் 4473 படிவம் நிரப்பும்போது அந்த லைசென்ஸைக் கேட்பார்கள். அது காலாவதியாகிவிட்டால் விலக்கும் போய்விடும், அதனால் தேதியைக் கவனித்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொலராடோவில் லைசென்ஸ் எடுக்க ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழ் வேண்டும். முதலில் அந்த வகுப்பை முடியுங்கள், ரைபிளைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். துல்லியத்தை அளக்கும் கோண அளவு எம்ஓஏ. 1 எம்ஓஏ என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 500 கெஜத்தில் ஐந்தேகால் அங்குலம். நல்ல ஃபேக்டரி ரைபிள் 1 எம்ஓஏ அடிக்கும், அதாவது சுட்ட குண்டெல்லாம் அந்த அகலத்துக்குள் விழும் என்றால், குண்டு நடுப்புள்ளியிலிருந்து சுமார் 2.6 அங்குலத்துக்குள் விழும். கஸ்டம் ரைபிள் அரை எம்ஓஏ அடித்தால் 1.3 அங்குலம். கூடுதலாகக் கொடுக்கும் 4,800 டாலருக்குக் கிடைப்பது அந்த 1.3 அங்குலம்தான். எல்க்கின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் பகுதி ஒரு அடிக்கு மேல் அகலம். ஆனால் 7எம்எம் பிஆர்சி என்ற தோட்டாவின் 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டைக்கூட, மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 500 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அடி தள்ளும். காற்றை 5 மைல் தப்பாகக் கணித்தாலே அரை அடி விலகல். கஸ்டம் பேரல் இதைச் சரிசெய்யாது. தோட்டா வாங்கி, காற்றடிக்கும் நாளில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுவதுதான் வழி.

எல்க்குக்கு 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவை 500 கெஜம் வரை நான் சொல்ல மாட்டேன். அந்தத் தூரத்தில் அதன் தாக்கும் ஆற்றல் சுமார் 1,250 அடி-பவுண்டுக்கு இறங்கிவிடும், எல்க்குக்குப் பழைய வேட்டைக்காரர்கள் வைக்கும் அளவோ 1,500. 7எம்எம் பிஆர்சி அல்லது .300 வின்செஸ்டர் மேக்னம் எடுங்கள். 7எம்எம் ரெமிங்டன் மேக்னம் மலிவாகக் கிடைத்தால் பேரலின் ட்விஸ்டை, அதாவது குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் முறுக்கைப் பாருங்கள். பழைய ரைபிள்களில் 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருக்கும், நீளமான கனத்த குண்டு அதில் நிலையாகச் சுழலாது. பிஆர்சியில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. டிக்கா டி3எக்ஸ், பெர்காரா பி-14, பிரவுனிங் எக்ஸ்-போல்ட், சாவேஜ் 110 என எதை எடுத்தாலும், வேண்டிய காலிபரில் வேண்டிய ட்விஸ்ட் இருக்கிறதா என்று கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

ஃபேக்டரி ரைபிளில் கோளாறு வருகிற இடங்கள் சில உண்டு, பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை. முதலாவது பிளாஸ்டிக் ஸ்டாக், அதாவது பேரலைத் தாங்கி, தோளில் அணைத்துப் பிடிக்கும் உடல்பகுதி. ஒரு டாலர் நோட்டைப் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்து ரிசீவர் (பேரல் பின்னால் பொருந்தும் உலோகப் பகுதி) வரை இழுத்துப் பாருங்கள், எங்கும் சிக்கக் கூடாது. பிறகு முன்பகுதியைத் தாங்கும் இரட்டைக்காலான பைபாடை விரித்து, சுடும்போது சாய்கிற மாதிரியே எடையை முன்னால் தள்ளி மறுபடி இழுங்கள். மலிவான ஸ்டாக் இந்த இரண்டாவது சோதனையில்தான் மாட்டும். முன்பகுதி வளைந்து பேரலைத் தொடும், பெஞ்சில் சாக்குமேல் வைத்து ஜீரோ செய்தது (குண்டு குறியில் விழும்படி சரிசெய்தது) மலையில் பைபாட் போட்டதும் இடம் மாறிவிடும். லேசாகத் தொட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். நன்றாக வளைந்தால் ஸ்டாக்கையே மாற்றுங்கள், 300 முதல் 600 டாலர் ஆகும்.

அடுத்தது திருகுகள். ரைபிள் சரியாகச் சுடவில்லை என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைத் தாங்கும் பேஸின் திருகில்தான். எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, டார்க் டிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் திருகு பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. கைக்கணக்கில் முடுக்கினால் ஒன்று தளரும், இல்லை ஸ்கோப் குழாய் நசுங்கும். டிரிக்கரை இரண்டரை முதல் மூன்று பவுண்டுக்குள் வையுங்கள். குளிரில் கையுறையோடு சுடுகிறவர் அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஸ்கோப்புக்கு ரைபிள் விலை அளவுக்காவது ஒதுக்குங்கள். வாங்கியதும் 100 கெஜத்தில் ஒரு டேப்பை நேர் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ரைபிளை அசையாமல் பிடித்து வைத்து, ஸ்கோப் திருகை 10 மில் (இதுவும் ஒரு கோண அளவு) திருப்பிப் பாருங்கள். குறுக்குக்கம்பி சரியாக 36 அங்குலம் நகர வேண்டும். 35 மட்டும் நகர்ந்தால் தூரத்தில் நீங்கள் போடும் கணக்கெல்லாம் அந்த விகிதத்தில் தப்பும். மூன்று குண்டு சுட்டு அரை அங்குலம் வந்தது என்று மகிழ வேண்டாம், பத்துக் குண்டு சுட்டால்தான் ரைபிளின் உண்மையான அளவு தெரியும். இரண்டு மூன்று வகைத் தோட்டாவை அப்படிச் சோதித்து, நன்றாக விழுவதையே மொத்தமாக வாங்கி வையுங்கள். டென்வரில் ஜீரோ செய்துவிட்டு 3,000 மீட்டர் மலைக்குப் போனால் காற்றின் அடர்த்தி குறைந்து தூரத்தில் குண்டு குறைவாக இறங்கும், அதனால் குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் ஆப்பில் அன்றைய காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் கனமான எண்ணெய் வேண்டாம், உறைகுளிரில் தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் மந்தமாகிக் குண்டு வெடிக்காமல் போகும்.

சரி, கஸ்டம் யாருக்கு? தோட்டாவைத் தானே நிரப்பி, குறிப்பிட்ட குண்டுக்கேற்ப சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) முன்பகுதி நீளம் வேண்டும் என்பவருக்கு. உடம்பு அளவுக்குக் கடை ஸ்டாக் எதுவும் பொருந்தாதவருக்கு. நீளமான பேரலும் வேண்டும், மலையேறத் தூக்கும் எடையும் குறைய வேண்டும் என்பவருக்கு. அவர்கள்கூட மிக இறுக்கமான சேம்பர் கேட்கக் கூடாது, கடைத் தோட்டாவோ கொஞ்சம் மண்ணோ போனால் போல்ட் மூடாது. ஸ்கோப்போடு 7 பவுண்டுக்குக் கீழே மேக்னம் செய்துகொண்டால் உதை தாங்காமல் கண் மூடும் பழக்கம் வரும், அது வந்துவிட்டால் போக்குவது கடினம். பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், விற்கும்போது போட்ட பணம் திரும்பாது.

என் யோசனை: இந்தப் பேரலைச் சுட்டுத் தேயவிடுங்கள். மேக்னம் பேரலில் ஆயிரத்துச் சொச்சம் குண்டுக்குப் பிறகு குண்டுகள் விழும் பரப்பு மெல்ல விரியத் தொடங்கும். அதற்குள் எந்தக் குண்டு, எவ்வளவு நீளம், எவ்வளவு எடை வேண்டும் என்று உங்களுக்கே தெளிவாகிவிடும். அப்போது போல்ட் இருக்கும் அதே ஆக்‌ஷனில் நல்ல பேரலை கன்ஸ்மித்திடம் போட்டுக்கொள்ளலாம். சாவேஜ் 110 என்றால் பேரலைப் பூட்டும் நட் இருப்பதால் ப்ரீ-ஃபிட் பேரல் (முன்பே சேம்பர் வெட்டியது) வாங்கி, தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்க்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்து மாற்றுவது இன்னும் எளிது.

ஊருக்கு வரும்போது ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஜவ்வாது மலைப் பக்கம் யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். வேட்டைக்குக் கொண்டுபோன பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஓரப் பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டத்தில் வழக்காகிவிடும். வேட்டைக்கென்று தனிப் பையே வைத்துக்கொள்ளுங்கள்.